தளத்தைத் தொட்டதும் முழு விசை

விமானந்தாங்கிக் கப்பல் என்றதும் நம்மில் பலருக்கு ‘டாப் கன்’ படம்தான் ஞாபகம் வரும். கறுப்புக் கண்ணாடி, சீறிப் பாயும் போர் விமானம், பயமறியாத ஒரு கதாநாயகன். படத்தைக் குறை சொல்லவில்லை, நானும் ரசித்தவன்தான். ஆனால் கப்பலில் விமானம் இறங்குவதைப் பற்றி நாம் நம்பிக்கொண்டிருக்கும் சில சங்கதிகள் நிஜத்துக்கு நேர் எதிரானவை.

நம்பிக்கை: தளத்தைத் தொட்டதும் விமானி என்ஜினை அடக்கி பிரேக் போடுவார்.

நடப்பது தலைகீழ். சக்கரம் தளத்தில் பட்ட நொடியில் அவர் த்ராட்டிலை முன்னே தள்ளுகிறார். என்ஜின் முழு விசையில் உறுமிக்கொண்டிருக்கும்போதுதான் விமானம் நிற்கிறது. அதை நிறுத்துவது பிரேக் அல்ல, தளத்தின் குறுக்கே கட்டப்பட்ட உருக்கு வடம். விமானத்தின் வாலடியில் தொங்கும் கொக்கி அந்த வடங்களில் ஒன்றைப் பிடித்தாக வேண்டும். அமெரிக்காவின் நிமிட்ஸ் வகைக் கப்பல்களில் பெரும்பாலானவற்றுக்கு நான்கு வடங்கள். நம் விக்ரமாதித்யாவிலும் விக்ராந்திலும் மூன்று. மணிக்கு 240 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் வரும் விமானம் ஏறக்குறைய 100 மீட்டருக்குள், இரண்டு மூன்று நொடிகளில் நின்றுவிடும்.

கொக்கி எதிலும் மாட்டவில்லை என்றால்? ஜெட் என்ஜின் கேட்டவுடன் விசை தராது. அடக்கிய என்ஜினைத் திரும்ப முடுக்குவதற்குள் தளம் தீர்ந்து கடல் வந்துவிடும். அதனால்தான் மாட்டியதா இல்லையா என்று தெரியும் முன்பே முழு விசை. மாட்டாவிட்டால் அப்படியே மேலெழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி வருவார். இதற்கு ‘போல்ட்டர்’ என்று பெயர். இது விபத்துக் கணக்கில் வராது.

நம்பிக்கை: வடம் மாட்டிவிட்டால் கண்டம் தாண்டியாயிற்று.

வடத்தின் இரு முனைகளும் தளத்துக்குக் கீழே ஒரு பெரிய இயந்திரத்தில் போய்ச் சேர்கின்றன. வருகிற விமானத்தின் எடை என்னவோ, அதற்கேற்ப ஒவ்வொரு முறையும் அந்த இயந்திரத்தைச் சரிசெய்ய வேண்டும். 2016 மார்ச்சில் அமெரிக்காவின் ஐசனோவர் கப்பலில் ஒரு ஹாக்ஐ விமானம் பிடித்த வடம் அறுந்தது. அறுந்த வடம் சாட்டைபோல் தளத்தில் சுழன்று 8 மாலுமிகளைக் காயப்படுத்தியது. விமானம் விளிம்பைத் தாண்டிக் கீழே சரிந்தது. கடலைத் தொடும் முன் எப்படியோ மேலேறித் தப்பியது. என்ஜின் முழு விசையில் இருந்திராவிட்டால் அந்த ‘எப்படியோ’வுக்கு இடமே இல்லை.

அதே ஆண்டின் இறுதியில், சிரியப் போருக்காக மத்தியதரைக் கடலுக்கு வந்த ரஷ்யாவின் அட்மிரல் குஸ்நெட்சோவ் கப்பல், சில வார இடைவெளியில் இரண்டு விமானங்களை இழந்தது. முதலாவது ஒரு மிக்-29. தளத்தில் வடம் பழுதாகிவிட, சரியாகும்வரை வானில் காத்திருந்த நேரத்தில் என்ஜின் நின்று கடலில் விழுந்தது. அடுத்தது ஒரு சுகோய்-33. வடம் அறுந்து, தளத்தின் மறுமுனை வழியாகக் கடலுக்குள் போனது. விமானிகள் இருவரும் இருக்கையோடு வெளியேறிப் பிழைத்தார்கள். எதிரி ஒரு தோட்டாகூடச் செலவழிக்கவில்லை.

நம்பிக்கை: ஆபத்து போர்க்களத்தில்தான், திரும்பி வருவது சும்மா.

1943 செப்டம்பரில் இத்தாலியின் சலேர்னோ கடற்கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கின. அவற்றுக்குப் பாதுகாப்பாக பிரிட்டன் அனுப்பிய சீஃபயர் விமானங்கள் நூற்றுக்கும் மேல். அவை இறங்க வேண்டியவை பெரும்பாலும் சிறிய, மெதுவான கப்பல்கள், காற்றோ அசையவில்லை. எதிர்க்காற்று இல்லாததால் விமானங்கள் தாங்க முடியாத வேகத்தில் தளத்தில் மோதின. சில நாட்களில் பாதிக்கு மேல் காலி. பெரும்பங்கு இறங்கும்போது நொறுங்கியவை.

அடுத்த ஆண்டு ஜூன் 20, பிலிப்பைன் கடல் போர். மாலையில் கிளம்பிய அமெரிக்க விமானங்கள் இருட்டியபின் எரிபொருள் வற்றித் திரும்பின. நீர்மூழ்கிகளின் கண்ணில் படக்கூடும் என்று தெரிந்தும் அட்மிரல் மிட்ஷர் கப்பல்களின் விளக்குகளைப் போடச் சொன்னார். அப்படியும், சண்டையில் போனவை சுமார் 20, வீடு திரும்பும் வழியிலும் தளத்திலும் போனவை சுமார் 80. வியட்நாம் போரின்போது விமானிகளின் நாடித்துடிப்பை அளந்து பார்த்தார்கள். குண்டு போடும்போது இருந்ததைவிடக் கப்பலில் இறங்கும்போது அதிகமாக இருந்தது.

நம்பிக்கை: கப்பலும் முன்னே ஓடுவதால் வேலை சுலபம்.

பாதி உண்மை. 1917 ஆகஸ்ட் 2 அன்று ஓடும் கப்பலில் முதன்முதலாக விமானத்தை இறக்கிய பிரிட்டிஷ் விமானி எட்வின் டன்னிங்குக்கு உதவியது அதுதான். எதிர்க்காற்றில் அவருடைய சோப்வித் பப் ஏறத்தாழ மிதந்தது. மாலுமிகள் ஓடிவந்து கையால் பிடித்து இழுத்தார்கள். ஐந்தாம் நாள் மறுபடி முயன்றபோது விமானம் தளத்தின் ஓரத்தில் சரிந்து, அவர் கடலில் மூழ்கி இறந்தார்.

மீதிப் பாதியைச் சொல்லாமல் விடுகிறார்கள். அந்தக் காலத்தில் தளம் நேராக இருந்தது. வடத்தைத் தவறவிட்ட விமானத்துக்கு எதிரே தடுப்பு. தடுப்பையும் தாண்டினால் அங்கே நிறுத்திவைத்த விமானங்களும் மனிதர்களும். மேலெழும்பிப் போக வழியே கிடையாது. 1951இல் டென்னிஸ் கேம்பெல் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி, இறங்கும் பாதையைச் சில பாகை இடப்பக்கம் திருப்பினால் போதுமே என்றார். முழு விசை, போல்ட்டர் எல்லாம் அந்த ஒரு கோட்டின் புண்ணியம். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. கப்பல் நேரே போகிறது, பாதை சாய்வாக இருக்கிறது. ஆகவே வருகிறவரின் கண்ணுக்கு ஓடுதளம் ஓயாமல் வலப்பக்கம் நழுவிக்கொண்டே இருக்கும். போதாததற்குக் கப்பலுக்குப் பின்னால் காற்று சுழித்து, கடைசி நொடிகளில் விமானத்தைக் கீழே இழுக்கும்.

நம்பிக்கை: எல்லாம் விமானியின் சாமர்த்தியம்.

தளத்தின் பின்முனையில் இடப்பக்கம் ஒரு அதிகாரி நிற்பார். அவரும் விமானிதான். ‘வேண்டாம், போ’ என்று அவர் சைகை காட்டினால் பேச்சே இல்லை, போய்விட வேண்டும். ஒவ்வொரு இறக்கத்துக்கும் மதிப்பெண் போட்டு, எல்லோரும் பார்க்கும்படி பலகையில் எழுதுகிறார்கள். ‘டாப் கன்’ நாயகன் ‘மேவரிக்’ அங்கே நிறையத் திட்டு வாங்கியிருப்பார்.

நம்பிக்கை: இப்போது கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும்.

பார்த்துக்கொள்கிறது, மறுக்கவில்லை. 1963லேயே மிட்வே கப்பலில் தானியங்கி முறையில் விமானத்தை இறக்கினார்கள். 2013 ஜூலையில் ஆளில்லா எக்ஸ்-47பி தானாகவே வந்து வடத்தைப் பிடித்தது. விமானி செய்ய வேண்டிய சின்னச் சின்னத் திருத்தங்களை வெகுவாகக் குறைக்கும் மென்பொருள் இன்று எஃப்-35சி போன்ற விமானங்களில் உண்டு. அந்த எஃப்-35சி ஒன்று 2022 ஜனவரியில் தென்சீனக் கடலில் கார்ல் வின்சன் கப்பலின் பின்விளிம்பில் மோதித் தளத்தில் சறுக்கி, மறுபக்கம் விழுந்து மூழ்கியது. 7 பேருக்குக் காயம். வேகமாக வளைந்து இறங்கும் ஒரு முறையை அந்த விமானி அன்றுதான் முதன்முதலாகச் செய்து பார்த்தார். அந்த அவசரத்தில், உதவிக்கென்று இருந்த அமைப்புகளை இயக்க விட்டுப்போயிற்று என்றது விசாரணை அறிக்கை. விமானத்தை 3,700 மீட்டருக்கும் கீழே தேடிப் பிடித்துத் தூக்கினார்கள்.