சிறு வானூர்தியின் செவி

கொச்சியில் காயல்நீர் சூழ்ந்த தீவுகளுள் ஒன்று வல்லார்பாடம். 2011 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அங்குப் பன்னாட்டுச் சரக்குப் பெட்டக முனையம் திறக்கப்பட்டது. பெட்டகங்களை மலைபோல் அடுக்கிக்கொண்டு வரும் கப்பல்கள் கரையை அடையும் முன்பே வானொலிக் கருவி வாயிலாகத் துறைமுகத்தோடு பேசுகின்றன. முதல் அழைப்புக்கும் இடர் அழைப்புக்கும் உலகெங்கும் கப்பல்கள் செவிமடுத்திருப்பது 16 ஆம் அலைவரிசையில். அதன் அதிர்வெண் 156.8 மெகாஹெர்ட்ஸ். பேசுவோர் கருவியும் கேட்போர் கருவியும் ஒரே எண்ணில் நின்றால்தான் குரல் எட்டும். எட்டாவிடினும் கப்பலில் மனிதர் உள்ளனர். மீண்டும் அழைப்பர், விளக்கால் குறி காட்டுவர், நங்கூரமிட்டுக் காத்திருப்பர்.

மாணவர் செய்து பறக்கவிடும் மாதிரி வானூர்திக்கு இவற்றுள் ஒன்றும் இயலாது. விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் பறக்கும் மாதிரிக்கு இரண்டு விநாடி கட்டளை கிடைக்கவில்லை எனில், அது 30 மீட்டர் தொலைவைத் தன்போக்கில் கடந்துவிடும். அந்த 30 மீட்டருக்குள் மரம் இருக்கலாம். வேடிக்கை பார்க்கும் குழந்தையும் இருக்கலாம்.

தரையில் நிற்பவர் கையிலுள்ள கருவி பரப்பி. வானூர்தியின் உள்ளே பொருத்தப்படுவது ஏற்பி. கடைகளில் இவற்றை டிரான்ஸ்மிட்டர், ரிசீவர் என்றே கேட்டு வாங்குவர். ஏற்பி உருவில் மிகச் சிறியது. பலவற்றின் எடை 15 கிராமைத் தாண்டாது. ஆயினும் வானூர்திக்குச் செவி அதுவே. பரப்பியின் குச்சி அசையும்போது எழும் கட்டளையை அது வானலையிலிருந்து பிரித்தெடுத்து, சர்வோ எனப்படும் சிறு மோட்டார்களுக்கு அனுப்புகிறது. அவை வால் தட்டையும் சுக்கானையும் திருப்புகின்றன.

கம்பியின்றிக் கட்டளை அனுப்பும் எண்ணம் பழையது. 1895 ஆம் ஆண்டு கொல்கத்தா நகர மண்டபத்தில் ஜகதீச சந்திர போசு, கண்ணுக்குத் தெரியாத அலைகளைச் சுவருக்கு அப்பால் செலுத்தி மணியை ஒலிக்கச் செய்தார், வெடிமருந்தையும் பற்றவைத்தார். 1898 இல் நிக்கோலா டெஸ்லா நியூயார்க்கில் ஒரு சிறு படகைத் தொலைவிலிருந்தே இயக்கிக் காட்டினார்.

இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை மாதிரி வானூர்திகள் 35, 40, 72 மெகாஹெர்ட்ஸ் போன்ற அதிர்வெண் பட்டைகளில் இயங்கின. எந்நாட்டில் எந்தப் பட்டை என்பதை அந்நாட்டு அரசே வகுத்தது. பரப்பியிலும் ஏற்பியிலும் ஒரே எண் பொறித்த சிறு படிகங்களைச் செருகுவர். படிகம் ஒத்து, பண்பேற்ற முறையும் ஒத்திருந்தால், ஒரு நிறுவனத்தின் பரப்பிக்கு மற்றொரு நிறுவனத்தின் ஏற்பி பல நேரங்களில் இணங்கியது. அக்காலத்து இடர் வேறு வகையினது. ஒரே எண்ணுடைய படிகத்தை இருவர் ஒரே திடலில் பயன்படுத்தினால், ஒருவர் பரப்பியை இயக்கிய நொடியில் மற்றவர் வானூர்தி நிலைகுலைந்து விழும். ஆகவே பறப்புத் திடலில் ஒரு பலகை நிறுத்தி, ஒவ்வோர் அலைவரிசைக்கும் ஒரு முளை வைத்திருந்தனர். உரிய முளையைக் கையில் பெறாதவர் பரப்பியைத் தொடுதல் கூடாது. முளையை மறந்து சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனவரால் அன்றைய பறப்பே நின்றுபோவதும் உண்டு.

இன்று பெரும்பாலான கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இயங்குகின்றன. இந்தியாவில் 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையைக் குறைந்த திறனில் உரிமமின்றிப் பயன்படுத்த 2005 ஆம் ஆண்டு வழிசெய்யப்பட்டது. வீட்டு வைஃபை, புளூடூத் ஆகியனவும் இதே பட்டையில்தான் நெருக்கியடித்துக்கொண்டு இயங்குகின்றன. அந்நெரிசலுக்குத் தப்பப் பல பரப்பிகள் ஓர் அதிர்வெண்ணில் நில்லாமல், விநாடிதோறும் பலமுறை வேறு வேறு அதிர்வெண்களுக்குத் தாவுகின்றன. இத்தாவல் முறையின் தொடக்கக்கால வடிவம் ஒன்றுக்கு நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்டைலும் 1942 இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றனர் என்பது பலர் அறியாத செய்தி.

இங்கேதான் ஏற்பியைத் தேர்ந்தெடுப்பதில் சிக்கல் எழுகிறது. ஒரு மாணவி, உறவினர் தந்த பழைய பரப்பியோடு கடைக்குச் செல்வதாகக் கொள்வோம். பரப்பியின் மேல் 2.4 கிகாஹெர்ட்ஸ் என எழுதியுள்ளது. கடையிலுள்ள ஏற்பியின் மேலும் அவ்வாறே எழுதியுள்ளது. இரண்டும் ஒன்றுதான் எனக் கடைக்காரர் கூறலாம். வீட்டிற்கு வந்து இணைத்தால் ஏற்பியின் விளக்கு கண்சிமிட்டிக்கொண்டே இருக்கும். ஒரு கட்டளையும் போய்ச் சேராது. காரணம் எளிது. எந்த வரிசையில் தாவுவது, கட்டளையை எந்தக் குறிமுறையில் எழுதுவது என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியே வகுத்துக்கொண்டது. ஸ்பெக்ட்ரம் நிறுவனத்தின் முறை டி.எஸ்.எம்.எக்ஸ்.; பிளைஸ்கை நிறுவனத்தினது ஏ.எஃப்.எச்.டி.எஸ். 2ஏ, ஃபுட்டாபா நிறுவனத்திற்கு வேறு முறைகள் உண்டு. எர்ணாகுளம் சந்தையில் தமிழும் மலையாளமும் இந்தியும் ஒரே காற்றில்தான் ஒலிக்கின்றன. ஒலி காதில் விழுவதனால் மட்டும் மொழி விளங்கிவிடுவதில்லை அன்றோ!

ஒரே நிறுவனத்தின் பெயர் இருத்தலும் போதாது. ஒரு நிறுவனமே காலத்திற்கேற்பப் பழைய முறை, புதிய முறை என இரண்டு மூன்றை வெளியிட்டுள்ளது. ஐரோப்பாவுக்கென ஒன்றும் பிற நாடுகளுக்கென ஒன்றுமாக மென்பொருளை மாற்றி விற்பதும் உண்டு. இவ்விரண்டும் தம்முள் இணங்கா. எக்ஸ்பிரஸ் எல்.ஆர்.எஸ். என்பது பல நிறுவனங்கள் ஏற்ற திறந்தநிலை முறை. அதிலும் பரப்பியின் மென்பொருளும் ஏற்பியின் மென்பொருளும் ஒரே முதன்மைப் பதிப்பைச் சார்ந்திருத்தல் வேண்டும். ஆகவே கடைக்குச் செல்லும் முன் பரப்பியின் கையேட்டைத் திறந்து, அதில் குறித்துள்ள முறையின் பெயரை எழுத்துப் பிசகாமல் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். அத்தாளைக் காட்டியே வாங்க வேண்டும். மலிவு பார்ப்பதற்குரிய இடம் இதுவன்று. இறக்கையை வேண்டுமானால் பழைய அட்டையில் செய்துகொள்ளலாம்.

முறை ஒத்துவிட்டால் அடுத்து வருவது வழிகளின் எண்ணிக்கை. இயந்திர விசை, வால் தட்டு, சுக்கான், சிறகோரத் தட்டு என நான்கையும் இயக்க நான்கு வழிகள் தேவை. சக்கரங்களை மடக்குவதற்கும் மேலும் சில தட்டுகளுக்கும் சேர்த்து ஆறு வழி ஏற்பி வாங்குதல் தொடக்கநிலையில் போதுமானது.

வழிகளின் வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சில ஏற்பிகளில் முதல் செருகுவாய் சிறகோரத் தட்டுக்கும் மூன்றாவது இயந்திர விசைக்கும் உரியவை. வேறு சிலவற்றில் முதல் செருகுவாயே இயந்திர விசைக்கு உரியது. கேரளத்தில் வாழும் தமிழ்ச் சிறுவர்க்கு இக்குழப்பம் புதிதன்று. அண்டை வீட்டார் ‘வெள்ளம்’ வேண்டும் என்றால் குடிக்கத் தண்ணீர் கேட்கின்றனர் என அவர்கள் அறிவர். ஊரிலிருந்து அன்று வந்திறங்கிய பாட்டியோ ஆறு பெருகிவிட்டதென அஞ்சுவார். சொல் ஒன்று, பொருள் வேறு. அதுபோல் இயந்திரத்தின் கம்பியைத் தவறான செருகுவாயில் மாட்டினால், நடுவில் நிற்கும் குச்சியின் நிலையைப் பாதி விசைக்கான கட்டளை என இயந்திரம் கொள்ளக்கூடும். எதிர்பாராமல் சுழலும் காற்றாடி விரலை வெட்டும். எனவே ஏற்பியைப் பொருத்திச் சோதித்து முடிக்கும்வரை காற்றாடியைக் கழற்றி வைத்தல் இன்றியமையாதது.

மின்னழுத்தத்திலும் கருத்து வேண்டும். பல ஏற்பிகள் 5 வோல்ட் அளவில் இயங்குவன. வானூர்தியின் மூன்று கல லித்தியம் மின்கலத் தொகுப்பு தருவதோ 11.1 வோல்ட். நேரே இணைத்தால் இத்தகைய ஏற்பி கருகிவிடும். இயந்திரக் கட்டுப்படுத்தி குறைத்துத் தரும் 5 வோல்ட்டையே கொடுக்க வேண்டும்.

பழைய ஏற்பிகளின் அலைவாங்கிக் கம்பி ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமிருந்தது; வாலுக்குப் பின்னும் அது தொங்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர் மட்டுமே. அதில் கால் பங்கான 31 மில்லிமீட்டர் அளவுக்குக் கம்பியின் நுனி உறையின்றி விடப்பட்டிருக்கும். ‘இவ்வளவு நீளம் எதற்கு?’ என அதனை நறுக்குதல் பெரும்பிழை. இரு கம்பிகள் இருப்பின் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிறுத்த வேண்டும். கரியிழைத் தகடு அலையை மறைக்கும். ஆதலின் அதனருகே கம்பியை ஒட்டுதல் கூடாது.

பரப்பியையும் ஏற்பியையும் ஒருமுறை பிணைக்க வேண்டும். அப்போது ஏற்பி அந்தப் பரப்பியின் தனி அடையாள எண்ணை நினைவிற் கொள்ளும். பிறகு திடலில் அதே வகைப் பரப்பிகள் பத்து இயங்கினாலும், கூட்டத்தில் தாயின் குரலை அறியும் குழந்தைபோல் அது தனக்குரியதையே கேட்கும். தொடர்பு அறுந்தால் என் செய்வது என்பதையும் முன்கூட்டியே கற்பிக்கலாம். பொதுவாக, இயந்திரத்தை நிறுத்திவிடும்படி அமைப்பர். அமைத்தபின் காற்றாடி இல்லாத நிலையில் பரப்பியை அணைத்து, இயந்திரம் நிற்கிறதா எனப் பார்த்தால்தான் உறுதி. பறப்பதற்கு முன் பரப்பியின் திறனைச் சோதனை நிலைக்குக் குறைத்துக்கொண்டு, கையேடு கூறும் தொலைவுக்கு நடந்து சென்று, தட்டுகள் தடையின்றி அசைகின்றனவா எனவும் காண வேண்டும். பல கையேடுகளில் அத்தொலைவு முப்பது எட்டு.

இத்தனையும் சரியாக அமைந்த வானூர்தியை வல்லார்பாடத்தின் வெட்டவெளியில் பறக்கவிடலாமா எனில், கூடாது. ஒருபுறம் துறைமுகம்; தெற்கே வில்லிங்டன் தீவில் கடற்படையின் கருடா வானூர்தித் தளம். ஆளில்லா வானூர்திகளுக்கெனக் கடற்படை 2006 இல் பிரிவு தொடங்கியதும் கொச்சியில்தான். பின்னர் இராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளியில், பருந்து எனத் தமிழ்ப்பெயர் கொண்ட தளத்திலும் அத்தகைய பிரிவு அமைந்தது. 2021 ஆம் ஆண்டின் டிரோன் விதிகளின்படி நாட்டின் வான்வெளி சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பகுக்கப்பட்டுள்ளது. சிவப்புப் பகுதிக்கு நடுவண் அரசின் இசைவும், மஞ்சள் பகுதிக்கு வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு நிலையத்தின் இசைவும் தேவை. டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் இடத்தின் நிறத்தைப் பார்த்தபின்னரே திடலைத் தெரிவு செய்தல் வேண்டும். தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் சேர்வோர்க்கு மாதிரி வானூர்திக் கலை பயிற்சியின் ஒரு பகுதியாகவே உள்ளது. திடலும் அங்குக் கிடைக்கும், அருகில் நின்று வழிகாட்டுவோரும் கிடைப்பர்.

அருஞ்சொற்பொருள்

பண்பேற்றம் – செய்தியை அலையின்மேல் ஏற்றும் முறை
சுக்கான் – திசை திருப்பும் தட்டு
முளை – சிறு ஆப்பு
இசைவு – அனுமதி

பயிற்சி

1. அதிர்வெண் ஒத்திருந்தும் பரப்பியும் ஏற்பியும் இணங்காமை ஏன்?
2. பழைய பறப்புத் திடல்களில் முளைப்பலகை எதற்குப் பயன்பட்டது?
3. ஏற்பியைச் சோதிக்கும்போது காற்றாடியைக் கழற்றி வைப்பதன் காரணத்தை இரண்டு தொடர்களில் எழுதுக.
4. ‘வெள்ளம்’ போலத் தமிழிலும் மலையாளத்திலும் வேறு வேறு பொருள் தரும் சொற்கள் மூன்றனை வீட்டிலுள்ள பெரியோரிடம் கேட்டு எழுதுக.