கலப்பு நூலும் கர்த்தருடைய பிரமாணமும்



மோசேயின் ஐந்து ஆகமங்களை யூதர்கள் தோரா என்கிறார்கள். போதனை என்று அதற்கு அர்த்தம். அதில் 613 கட்டளைகள் உண்டு என்று எண்ணுகிறார்கள். தரங்கம்பாடியில் சீகன்பால்க் ஐயர் அந்த ஆகமங்களைத் தமிழாக்கி, ரூத்தின் புத்தகம் வரைக்கும் வந்து, 1719-ல் நித்திரையடைந்தார். அவ்வளவு பிரயாசத்தில் கிடைத்த வேதபகுதியை, "இதெல்லாம் யூதருக்குத்தானே" என்று நாம் தாண்டிப்போகலாமா?

ஆரணியில் தறி போட்டிருக்கிற ஒரு சகோதரர் என்னிடம் கேட்டார்: "ரெண்டு நூல் கலந்த துணி உடுத்தக்கூடாதுன்னு லேவியராகமம் 19:19-ல இருக்கே. நாங்க பட்டுல பருத்தி கலந்து நெய்யுறோமே, பாவமா?" நல்ல கேள்வி. இப்படிப்பட்ட வசனங்களை வாசிக்கும்போது நான் மூன்று காரியங்களைப் பார்ப்பேன்.

1. அது யாருக்குச் சொல்லப்பட்டது? வேறுபிரிக்கப்பட்ட ஜனமாகிய இஸ்ரவேலுக்கு. உபாகமம் 22:11 கம்பளியையும் சணலையும்தான் குறிப்பிடுகிறது. ஆனால் ஆசாரியனுடைய ஏபோத்தைப் பாருங்கள். பொன்னைத் தகடாக அடித்து, நம்ம ஊர் சரிகை போல நறுக்கி, பல நூல்களோடே சேர்த்து நெய்தார்கள் (யாத். 39:3). அதிலிருந்த வர்ண நூல்கள் கம்பளியே என்பது யூத போதகர்களின் விளக்கம். ஆகவே கலப்பு தன்னில்தானே தீட்டு அல்ல.

2. கிறிஸ்து அதை எப்படி நிறைவேற்றினார்? இவை நிழல், பொருள் கிறிஸ்துவே (கொலோ. 2:16,17). எருசலேமில் கூடின அப்போஸ்தலர்களும் மோசேயின் நுகத்தைப் புறஜாதியார்மேல் வைக்கவில்லை (அப். 15). சகோதரர் சந்தோஷமாய் நெய்யலாம்!

3. அதில் தேவனுடைய இருதயம் எப்படித் தெரிகிறது? அதே 19-ம் அதிகாரத்தின் 13-ம் வசனம், கூலிக்காரன் கூலியை விடியுமட்டும் வைத்திருக்கக்கூடாது என்கிறது. இது நிழலோடே போய்விட்டதா? இல்லை! யாக்கோபு 5:4 அதையே சபைக்கும் சொல்லுகிறது. நூல் கலப்புக்குப் பயப்படுகிற நாம், கூலியை இழுத்தடிக்கப் பயப்படுகிறோமா? வந்தவாசியில் கோரைப்பாய் நெய்கிற அம்மாவிடம், "அடுத்த வாரம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கைதட்டி அல்லேலூயா பாடினால் கர்த்தர் பிரியப்படுவாரா?

பிறனை நேசிக்கச் சொல்லுகிற கட்டளையும் இதே அதிகாரத்தில்தான் இருக்கிறது (வச. 18). இரண்டாம் பிரதான கற்பனை என்று இயேசு எடுத்துச் சொன்னது அதுவே.

பிரியமானவர்களே, இந்த வாரம் லேவியராகமம் 19-ஐ முழங்காலில் நின்று வாசியுங்கள். யாருக்காவது கூலி பாக்கி இருந்தால் முதலில் கொடுத்துத் தீருங்கள். பரிசுத்த ஆவியானவர் தம்முடைய பிரமாணத்தை நம் இருதயங்களில் எழுதுவாராக. ஆமென்.