கண்ணின் பின்னுள்ள கணவாய்

எண்சாண் உடம்பிற்குச் சிரசே பிரதானம் என்பது நம் முன்னோர் வாக்கு. அச்சிரசினுள்ளும் சிற்றிடம் ஒன்றுண்டு. அது நீளத்தில் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டரேயாயினும், அங்கு நேரும் கேடு கண்ணையும் உயிரையும் ஒருங்கே கொள்ளை கொள்ளவல்லது. மேனாட்டு வைத்திய நூலார் அதனைக் ‘கேவர்னஸ் சைனஸ்’ என்பர். யாம் அதனைக் குகைக்குடா எனத் தமிழில் வழங்கி, அதன் அமைப்பையும் அதனைப் பற்றும் நோய்களையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

கோவையினின்று மேற்கே செல்வோர் வாளையாற்று வழியே பாலக்காட்டுக் கணவாயைக் கடப்பர். இருபுறமும் மலைகள் உயர்ந்து நிற்க, பெருஞ்சாலையும் இருப்புப் பாதையும் அவ்விடைவெளியிலேயே செல்கின்றன. அவ்வழி அடைபடின் யாவும் ஒருங்கே நின்றுவிடும். குகைக்குடாவும் அத்தகையதே. மண்டையோட்டின் அடித்தளத்தில், கண்குழிகளுக்குப் பின்னே, பட்டாணியளவினதாகிய பிட்யூட்டரி சுரப்பியின் இருமருங்கிலும் பக்கத்திற்கு ஒன்றாக அஃது அமைந்துளது. கண்ணினின்றும் முகத்தினின்றும் திரும்பும் இரத்தம் சிரைகளின் வழியே அதனுட் பாயும். மூளைக்குச் செல்லும் பெருந்தமனியும், அதனையொட்டி ஆறாம் நரம்பும் அதனூடே செல்லும். அதன் புறச்சுவரில் மூன்றாம், நான்காம் நரம்புகளும், ஐந்தாம் நரம்பின் இரு கிளைகளும் செல்லும். மூன்று, நான்கு, ஆறு என்னும் நரம்புகள் கண்ணை அசைப்பன. ஐந்தாம் நரம்பின் அக்கிளைகள் நெற்றி, கன்னம் ஆகியவற்றின் உணர்ச்சியைத் தருவன.

ஆகவே இவ்விடத்து நோயின் அறிகுறிகள் யாவையென நாமே உய்த்துணரலாம். இமை தாழும், ஒரு பொருள் இரண்டாகத் தோன்றும், விழி திரும்பாது நிற்கும், அல்லது முன்னே பிதுங்கும், நெற்றியும் கன்னமும் வலிக்கும், அல்லது மரத்துப்போம். இவற்றுள் பல ஒருங்கே தோன்றின், கேடு கண்ணிலன்று, கண்ணின் பின்னேயுள்ளது என்பது தெளிவு.

இனி நோய்களைக் காண்போம். முதலாவது கட்டிகள். மூளையுறையில் தோன்றும் மெனிஞ்சியோமா, பிட்யூட்டரி சுரப்பியினின்று பக்கவாட்டிற் பரவும் கட்டி, ஐந்தாம் நரம்பின் உறையில் தோன்றும் கட்டி ஆகியவை பெரும்பாலும் மெல்ல வளர்வன; புற்றாகாதன. மூக்கின் பின்புறத்தே தோன்றும் புற்றுநோயோ இவ்விடத்திற்குப் பரவவல்லது. இரத்தம் பெருகும் என்றஞ்சி, அறுவை வைத்தியர் நெடுங்காலம் இவ்விடத்தைத் தீண்டாதிருந்தனர். 1965-ல் கனடா நாட்டு டுவைட் பார்க்கின்சனும், 1983-ல் ஸ்லோவீனியா நாட்டு வின்கோ டோலென்ஸும் தம் அறுவை முறைகளை வெளியிட்டு இவ்வச்சத்தை நீக்கினர். நம் நாட்டில் 1949-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டியும், 1950-ல் சென்னையில் ராமமூர்த்தியும் மூளை அறுவை வைத்தியத்திற்கு வித்திட்டனர். எனினும் கட்டியை முற்றும் களைய முற்பட்டு நரம்புகளை இழப்பது அறிவுடைமையன்று. இயன்ற அளவு அகற்றி, எஞ்சியதை நுண்ணிய கதிர்வீச்சால் வளராது தடுப்பதே இக்காலத்தில் பல நோயாளர்க்கும் ஏற்ற வழியாம்.

இரண்டாவது, தலையில் அடிபடுதலால் தமனி கிழிந்து குடாவினுள் இரத்தம் பாய்தல். அப்போது கண் சிவந்து பிதுங்கித் துடிக்கும். நோயாளி தன் தலையினுள் இரைச்சலொன்றைக் கேட்பான். தொடைத் தமனியின் வழியே நுண்குழாயைச் செலுத்தி இக்கிழிசலை அடைக்க இயலும். தலைக்கவசமின்றி இருசக்கர வண்டியில் விரையும் நம் மாணவர் இதனை நினைவிற்கொள்க.

மூன்றாவது, கிருமிகளால் வருவது. மூக்கின் மேற்புறத்தினின்று வாயின் இரு கோடிகள் வரையுள்ள முக்கோண நிலத்தை ‘அபாய முக்கோணம்’ என்பர். அங்குத் தோன்றும் சீழ்க்கட்டியை நகத்தாற் கிள்ளிப் பிதுக்கின், சிற்சில வேளைகளிற் கிருமிகள் சிரைவழியே குடாவை அடைந்து இரத்தத்தை உறையச் செய்யும். காய்ச்சலும் தலைவலியும் தோன்றி, ஒரு கண்ணிற் கண்ட வீக்கம் மறு கண்ணிற்கும் பரவும். பெனிசிலின் முதலிய மருந்துகள் வருமுன் இந்நோயுற்றோர் பிழைத்தல் அரிது. இன்றும் இது பேரிடரே.

இவ்வகையில் நாம் மறக்கலாகாதது 2021-ஆம் ஆண்டு. அவ்வாண்டு மே மாத இறுதியில் நாள்தோறும் கண்ட கொரோனாத் தொற்றில் நம் கோவை மாவட்டம் சென்னையையும் விஞ்சிற்று. அந்நாளில் நாடெங்கும் கரும்பூஞ்சை நோய் பரவ, தமிழக அரசு அதனை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கிற்று. கட்டுக்கடங்காத சர்க்கரை நோயும், மிகுதியாக உட்கொண்ட ஸ்டீராய்டு மருந்தும் அப்பூஞ்சைக்கு இடந்தந்தன. அது மூக்கிற் புகுந்து, கன்னத்து எலும்பறைகளையும் கண்குழியையும் கடந்து குகைக்குடாவை அடையும். இரத்தக் குழாய்களை அடைத்துத் தசையை அழுகச் செய்யும். ஆம்ஃபோடெரிசின் என்னும் மருந்திற்கு அப்போது பெருந்தட்டுப்பாடு நேர்ந்தது. உயிரைக் காக்கும்பொருட்டுக் கண்ணை இழந்தவரும் உளர்.

இதனின்று வேறொரு பாடமும் கற்கலாம். டோலோசா–ஹண்ட் என்னும் நோயில் இக்குடாவிலே அழற்சி தோன்றிக் கண் வலிக்கும். ஸ்டீராய்டால் அது விரைந்து தணியும். அதே மருந்து பூஞ்சை நோயை வளர்த்துவிடும். அறிகுறி ஒன்றே, மருந்தோ ஒருவர்க்கு அமுதம், மற்றொருவர்க்கு நஞ்சு. எனவே காந்த அதிர்வுப் படமும் பிற சோதனைகளும் கொண்டு நோய்முதல் நாடியபின்னரே மருந்தளித்தல் முறையாம். கடையிற் கேட்டு வாங்கும் மருந்து இங்குப் பயன்படாது.

மாணவ நண்பர்காள்! முகப்பருவைக் கிள்ளாதீர். வீட்டிலுள்ள பெரியோரின் சர்க்கரை அளவைக் கவனிமின். இமை தாழ்ந்து, பொருள் இரண்டாகத் தோன்றின், நாளை பார்ப்போம் என்று வாளாவிராது அன்றே வைத்தியரை நாடுமின். கணவாய் அடைபடுமுன் காப்பதே அறிவு.