வால்பாறையில் பச்சைப் பாம்பு கண்டால்...

1. தோட்டத்துச் சாளையில் வளர்ந்தவர்களுக்கு நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை விரியன் நான்கும் பழகிய பெயர்கள். ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு ஏறியதும் அந்தக் கணக்கு மாறிவிடும். தேயிலைக் காட்டிலும் சோலையிலும் நாம் கவனிக்க வேண்டியது குழிவிரியன்களை.

2. கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவே சின்னப் பள்ளம் இருக்கும், பெயர் அதனால்தான். எலியின் உடல் சூட்டை இருட்டிலும் அறிகிற உறுப்பு அது. ஆனால் பள்ளம் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கக் கூடாது. பள்ளம் கண்ணுக்குத் தெரிகிற தூரம், கடிபடுகிற தூரமும்தான். இரண்டு மீட்டர் தள்ளி நின்று போனில் ஜூம் செய்து படம் எடுங்கள்.

3. “ஏனுங்க, பச்சப் பாம்பு கண்ணக் கொத்துமாமா?” என்று கேட்காத வீடு கொங்கு நாட்டில் இல்லை. கொத்தாது. அது சாட்டைக் கயிறு மாதிரி ஒல்லி, மூக்கு ஊசியாக நீண்டிருக்கும், கண்மணி படுக்கைவாட்டில் கோடு போட்டதுபோல் இருக்கும். அதன் விஷம் மனிதருக்குப் பெரிய ஆபத்தில்லை. அதே பச்சையில் தேயிலைச் செடி மேல் படுத்திருக்கும் பெரிய செதில் குழிவிரியன்தான் ஆபத்து. தடித்த உடம்பு, முக்கோணத் தலை, ஒடுங்கிய கழுத்து, கண்மணி நிமிர்ந்த கோடு. செதில்கள் ஓடு வேய்ந்ததுபோல் பெரிது பெரிதாகத் தனித்தனியே தெரியும். கொழுந்து பறிப்பவர்களின் கை போகும் உயரத்திலேயே கிடக்கும்.

4. நிறத்தை நம்பவே கூடாது. மழைக்காலத்தில் ஓடைக்கரைப் பாறையிலும் கிளையிலும் தென்படும் மலபார் குழிவிரியன் பச்சை, மஞ்சள், பழுப்பு, ஆரஞ்சு என ஒரே இனத்தில் பல நிறங்களில் இருக்கும். முதலில் பார்க்க வேண்டியது தலையும் கழுத்தும்.

5. காப்பித் தோட்டச் சருகுக்குள் ஒன்றரை அடிக்கும் குறைவான பழுப்புக் குழிவிரியன் ஒன்று சுருண்டு கிடக்கும். மூக்கு நுனி மட்டும் மேலே தூக்கியிருக்கும். இலையோடு இலையாக இருக்கும். குட்டி என்று அலட்சியம் வேண்டாம். இதன் கடியால் சிறுநீரகம் கெட்டவர்கள் உண்டு. சருகை வெறுங்கையால் அள்ளாதீர்கள். சீமாறும் கோலும் எதற்கு இருக்கின்றன?

6. சாரை, ஆள் சத்தம் கேட்டால் ஓடும். குழிவிரியன் ஓடாது, இரை வரும்வரை ஒரே இடத்தில் அசையாமல் காத்திருக்கும். நேற்று மாலை பார்த்த கிளையிலேயே இன்று காலையும் இருக்கலாம். லயன் வீட்டு வாசலில் வேலியைப் பிடிக்கும் முன், விறகை எடுக்கும் முன், ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள்.

7. ஊருக்குத் திரும்பிய பிறகு: சுவரேறும் ஓநாய்ப் பாம்பைக் கட்டுவிரியன் என்று அடிப்பவர்கள் அதிகம். ஓநாய்ப் பாம்புக்குப் பட்டைகள் கழுத்துப் பக்கம் பளிச்சென்று தொடங்கி வாலருகே மங்கும். கட்டுவிரியனுக்கு வால் பக்கம்தான் தெளிவு. சந்தேகமா, தீயணைப்புத் துறையையோ வனத்துறையையோ கூப்பிடுங்கள்.

8. கடித்துவிட்டால் 108. வளையல், மோதிரம், மெட்டியைக் கழற்றி, கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்துக் கிளம்புங்கள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். பாம்பை அடித்துக் கொண்டுபோகவும் வேண்டாம். படம் போதும், இல்லையென்றால் பரவாயில்லை. எங்கே கடித்தது என்பதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்: தேயிலைச் செடியா, சருகா, வீட்டுப் பாயா. நம் நாட்டு விஷமுறிவு மருந்து முதலில் சொன்ன அந்த நான்கு பாம்புகளின் விஷத்தை வைத்துத் தயாராவது. 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் விஷம் எடுப்பதும் அவற்றிலிருந்துதான். குழிவிரியன் கடிக்கு அந்த மருந்தை நம்ப முடியாது. ரத்தம் 20 நிமிடத்தில் உறைகிறதா, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் சிகிச்சை செய்வார்கள். அதனால் ஒரு நாளில் வலி குறைந்தது என்று வீட்டுக்குக் கிளம்ப அவசரப்படாதீர்கள்.