கண்ணுக்குள் ஒரு பிரஷர்

பிரஷர் என்றால் நம் வீடுகளில் இரண்டுதான் நினைவுக்கு வரும். ஒன்று குக்கர், மற்றொன்று ரத்தக் கொதிப்பு. மூன்றாவதாகக் கண்ணுக்குள்ளும் ஒரு அழுத்தம் இருக்கிறது. ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கண் பிரஷரும் அதோடு சேர்ந்து அடங்கிவிடும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு வேறு கணக்கு. கையில் பட்டை கட்டிப் பார்த்தால் கண்ணின் அழுத்தம் தெரியாது.

நான் டாக்டர் அல்ல. டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் வாக்குவம் பிரேக், ஏர் பிரேக் என்று அழுத்தங்களோடு குடித்தனம் நடத்தியவன். ஆகவே குழாய், வால்வு, கேஜ் என்ற பாஷையில்தான் சொல்ல வரும். வைத்தியத்துக்கு டாக்டரிடம் போங்கள்.

கண்ணின் முன்பகுதியில் தெளிந்த நீர் ஒன்று ஓயாமல் சுரந்து, ஓயாமல் வெளியேறிக்கொண்டிருக்கிறது. கண்ணீர் வேறு, அது கண்ணுக்கு வெளியே. இந்த உள்நீர் நிமிஷத்துக்கு 2 முதல் 2.5 மைக்ரோலிட்டர்தான் சுரக்கிறது. நாள் முழுக்கச் சேர்த்தாலும் ஒரு டீஸ்பூன் நிரம்பாது. ரத்தக் குழாய் இல்லாத லென்ஸுக்கும் கருவிழிக்கும் ஆகாரம் கொடுப்பது இதுதான். கருவிழியும் ஐரிஸ் என்னும் நிறத்திரையும் சந்திக்கும் மூலையில் சல்லடை போன்ற திசு ஒன்று உண்டு. நீரின் பெரும்பகுதி அதன் வழியாக வடிந்து, ஷ்லெம் கால்வாய் என்ற மெல்லிய குழாய்க்குள் போய், ரத்தத்தில் கலந்துவிடுகிறது. வரவும் வடிகாலும் ஈடுகட்டிக்கொள்ளும் நிலையில் உள்ளே எவ்வளவு அழுத்தம் நிற்கிறதோ அதுதான் கண் பிரஷர்.

மூலை திறந்தே இருந்து, சல்லடை மட்டும் தூர்ந்துகொண்டே வருவதைத் திறந்த கோண கிளாக்கோமா என்கிறார்கள். மூலையே அடைபட்டுப் போவது மூடிய கோண வகை. அதில் சில சமயம் திடீரென்று கண் சிவந்து, தலைவலியும் வாந்தியும் வரும். அப்படி வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அதன் வைத்தியம் வேறு, இங்கே அதற்குள் போகவில்லை.

திறந்த கோண வகை வலிக்காது, சிவக்காது. கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் பார்வை நரம்பில் சுமார் பத்து லட்சம் இழைகள் உண்டு. அது கண்ணை விட்டு வெளியேறும் இடத்தில் நசிந்து, இழைகள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகின்றன. முதலில் போவது பெரும்பாலும் நடுப்பார்வைக்குச் சற்றுத் தள்ளிய இடங்கள். ஒரு கண்ணின் குறையை இன்னொரு கண் ஈடுகட்டிவிடுகிறது. அதனால்தான் எழுத்துப் பலகையின் கடைசி வரி வரை படிக்கிறவருக்கும் இந்த நோய் இருக்கலாம். காடராக்ட் என்றால் ஆபரேஷன் செய்து பார்வையைத் திரும்பப் பெறலாம். இதில் போனது போனதுதான், மிச்சத்தைத்தான் காப்பாற்ற முடியும்.

இனி அந்த 21 என்ற எண்ணுக்கு வருவோம். வாக்குவம் பிரேக் இருந்த காலத்தில் பாசஞ்சர் வண்டி எஞ்சினில் கேஜ் 53 சென்டிமீட்டர் பாதரசம் காட்ட வேண்டும். அது விதி. கண்ணுக்கும் பாதரச மில்லிமீட்டரில் 10 முதல் 21 வரை சரி, அதற்கு மேல் போனால் நோய் என்று பலர் இதையும் விதி போல மனப்பாடம் செய்திருக்கிறார்கள். இந்த 21 எப்படி வந்தது தெரியுமா? 1958-ல் ஜெர்மனியில் லைடெக்கர் என்ற டாக்டரும் அவர் குழுவினரும் கண்நோய் இல்லாத ஆயிரக்கணக்கானவர்களின் அழுத்தத்தை அளந்து சராசரி எடுத்தார்கள். சுமார் 15.5 வந்தது. அதற்கு மேல் இரண்டு மடங்கு திட்ட விலக்கத்தைக் கூட்டினால் ஏறக்குறைய 21. ஆக இது புள்ளிவிவரக் கோடு, கண் தாங்கும் எல்லை அல்ல.

1991-ல் வெளியான பால்டிமோர் ஆய்வு இதை நன்றாகவே உடைத்துக் காட்டியது. அங்கே கிளாக்கோமா கண்டுபிடிக்கப்பட்ட கண்களில் பாதிக்கு மேல், முதல் அளவில் 21 அல்லது அதற்கும் கீழேதான் இருந்தன. "பிரஷர் நார்மல்" என்ற ஒரே வார்த்தையோடு யாராவது உங்களை அனுப்பி வைத்தால், பாப்பாவை விரித்து நரம்பையும் பார்த்தீர்களா என்று தயங்காமல் கேளுங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. அமெரிக்காவில் அழுத்தம் கூடுதலாக இருந்தும் சேதம் இல்லாத 1,636 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குச் சொட்டு மருந்து கொடுத்தார்கள், மறு பாதியைக் கவனித்து மட்டும் வந்தார்கள். 2002-ல் முடிவு வெளியானது. ஐந்து வருஷத்தில் நோய் வந்தது மருந்து போட்டவர்களில் 4.4 சதவீதம், போடாதவர்களில் 9.5 சதவீதம். மருந்து பாதியாகக் குறைத்தது உண்மை. மருந்தில்லாமலே பத்தில் ஒன்பது பேர் ஐந்து வருஷம் தப்பினார்கள் என்பதும் உண்மை. கருவிழி மெல்லியதாக இருந்தவர்களுக்கு ஆபத்து அதிகம் என்பதும் இதில்தான் தெரிந்தது. அதனால்தான் இப்போது டாக்டர்கள் கருவிழியின் தடிமனையும் அளக்கிறார்கள். அந்தச் சோதனை வீண் செலவல்ல.

அழுத்தத்தைக் குறைத்தால் நோய் உண்மையிலேயே நிதானப்படுகிறதா? இதுதான் மூலக் கேள்வி. வெகுகாலம் இதற்கு நம்பிக்கைதான் பதிலாக இருந்தது, நிரூபணம் இல்லை. ஸ்வீடனில் மால்மோ, ஹெல்சிங்போரி என்ற இரண்டு ஊர்களில் ஆரம்ப நிலை நோயாளிகள் 255 பேரை வைத்துச் சோதித்தார்கள். வைத்தியத்தில் அழுத்தம் சுமார் நாலில் ஒரு பங்கு குறைந்தது. ஏறக்குறைய ஆறு வருஷத்தில் நோய் முற்றியவர்கள் வைத்தியம் இல்லாத பிரிவில் 62 சதவீதம், வைத்தியப் பிரிவில் 45. ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் ஆபத்து சுமார் பத்து சதவீதம் குறைகிறது என்று கணக்கிட்டார்கள். பிரிட்டனில் 516 பேரை வைத்து, மருந்துச் சொட்டையும் மருந்தில்லாத வெறும் சொட்டையும் யாருக்கு எது என்று தெரியாமல் கொடுத்துப் பார்த்து 2015-ல் வெளியிட்டார்கள். இரண்டே வருஷத்தில் பார்வைப் புலம் குறைந்தவர்கள் வெறும் சொட்டில் 25.6 சதவீதம், லடானோபிராஸ்ட் சொட்டில் 15.2. ஆக, மருந்து நோயை அடியோடு நிறுத்துவதில்லை. பிரேக் பிடிக்கிறது. எனக்கு அது போதுமான லாபமாகத்தான் படுகிறது.

தொல்லை எங்கே என்றால், சொட்டு போட்டால் பார்வை ஒரு துளியும் தெளிவாகாது. எங்கள் காலனியில் ஒரு மாமா, "நாலு பாட்டில் போட்டேன், ஒரு வித்தியாசமும் தெரியவில்லை" என்று நிறுத்திவிட்டார். வித்தியாசம் தெரியாமல் இருப்பதற்குத்தான் மருந்தே என்று அவருக்கு விளக்குவதற்குள் எனக்குக் காபி ஆறிவிட்டது. சொட்டு விட்டபின் கண்ணை மூடி, மூக்கோரத்து முனையை இரண்டு நிமிஷம் விரலால் அழுத்திக்கொண்டால் மருந்து தொண்டைக்கு இறங்குவது குறையும். இரண்டு சொட்டு என்றால் நடுவே ஐந்து நிமிஷம் விடுங்கள். ஆஸ்த்மா இருப்பவர்கள் அதை டாக்டரிடம் சொல்லியே ஆகவேண்டும், டைமோலால் போன்ற சொட்டு அவர்களுக்கு ஆகாது. கண் அரிக்கிறது என்று கடையில் கேட்டு வாங்கும் சில சொட்டுகளில் ஸ்டீராய்டு இருக்கும். அதைத் தொடர்ந்து போட்டால் சிலருக்கு அழுத்தமே ஏறிவிடும்.

சொட்டு ஒத்துவராதவர்களுக்கு லேசர் உண்டு. பிரிட்டனில் 718 பேரிடம் நடந்து 2019-ல் வெளியான ஆய்வில், முதலிலேயே லேசர் செய்துகொண்டவர்களில் சுமார் முக்கால் பங்கினர் மூன்று வருஷம் சொட்டே இல்லாமல் இருந்தார்கள்.

நம்மைப் போல ஊர்விட்டு ஊர் வந்தவர்களுக்கு முக்கியமானது இது. நெதர்லாந்தில் ராட்டர்டாம் ஆய்வில், நோயாளியின் கூடப்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வாழ்நாளில் இது வரும் வாய்ப்பு 22 சதவீதம் என்று கண்டார்கள். நோய் இல்லாதவர்களின் உறவினருக்கு 2.3 தான். நம் பக்கத்திலும் இது அபூர்வ வியாதி அல்ல. சென்னை ஆய்வில் நாற்பது வயதைத் தாண்டியவர்களில் திறந்த கோண வகை கிராமப்புறத்தில் 1.62 சதவீதம், நகரில் 3.51 சதவீதம். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமக்கு நோய் இருப்பதையே அறியாதவர்கள். அண்ணன் ஜாம்ஷெட்பூரில், தம்பி பம்பாயில், அக்கா திருச்சியில் என்று இருக்கிறோம். ஊரில் அப்பா அலமாரியில் வைத்திருக்கும் சொட்டு பாட்டில் என்ன மருந்து என்று எத்தனை பேருக்குத் தெரியும்? அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அதன் பெயரை எழுதிக்கொண்டு வாருங்கள். கிளாக்கோமா மருந்து என்றால் உடன்பிறந்தவர்கள் எல்லோருக்கும் போன் செய்து சொல்லுங்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் காத்திருக்காமல் கண்ணைக் காட்டட்டும்.

இன்னொன்று, டிரான்ஸ்பரில் போகும் குடும்பங்களுக்கு. ஃபீல்டு டெஸ்ட் எடுத்த காகிதங்களைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். இன்றைய படத்தை ஐந்து வருஷத்துக்கு முந்தைய படத்தோடு வைத்துப் பார்த்தால்தான் நோய் நிற்கிறதா, நகர்கிறதா என்று புது ஊர் டாக்டருக்குத் தெரியும். பென்ஷன் காகிதம் இருக்கும் அதே ஃபைலில் வையுங்கள். முதல் படம் அடியில், புதியது மேலே.