சேற்றில் இறங்கிய பட்டீஸ்வரர்!

கணுக்கால் புதையும் சேறு. குனிந்து நாற்று நடுகிறார் ஒருவர். பக்கத்திலேயே அவர் மனைவி. பார்த்தால் கூலிக்கு வந்த உழவர்கள் போலத்தான் இருக்கிறது. ஆனால்... அவர் பட்டீஸ்வரர், அவள் பச்சைநாயகி!

கோவைக்கு மேற்கே, நொய்யல் கரையில் உள்ள பேரூரின் தலபுராணம் சொல்லும் கதை இது. தோழர் சுந்தரர் பொருள் வேண்டி வருகிறார் என்று அறிந்த ஈசன், கொஞ்சம் விளையாட நினைத்தார். 'நான் இருக்கும் இடத்தைச் சொல்லாதே' என்று நந்தியிடம் கூறிவிட்டு, அம்பிகையுடன் வயலுக்குப் போய்விட்டார். கோயிலுக்கு வந்த சுந்தரர், சுவாமியைக் காணாமல் நந்தியிடம் கேட்டார். பொய் சொல்ல மனமில்லை; கட்டளையை மீறவும் பயம். கண்ணால் ஜாடை காட்டிவிட்டார் நந்தி! வந்ததே கோபம் சுவாமிக்கு. கையில் இருந்த மண்வெட்டியால் நந்தியின் தாடையில் அடித்துவிட்டார். பிறகு நந்தி வருந்தி வேண்ட, அருள் செய்து, ஆனந்தத் தாண்டவமும் காட்டினார். பேரூருக்கு 'மேலைச் சிதம்பரம்' என்று பெயர் வந்தது இப்படித்தான். (அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும் நம் வீட்டுக்காரர்கள்தான், நந்தியின் கதையைக் கேட்டதும் என் நினைவுக்கு வந்தார்கள்!)

இந்த நிகழ்ச்சியை ஒட்டி, ஆனி மாதத்தில் இங்கே நாற்று நடவுத் திருவிழா நடக்கிறது. தேவேந்திர குல வேளாளர் மக்களுக்கு இந்த விழாவில் தனிப் பங்கு உண்டு.

அது ஏன் ஆனியில்? தென்மேற்குப் பருவமழை வெள்ளியங்கிரி மலையில் கொட்டத் தொடங்கும் காலம் அது. மலையில் பெய்தால் நொய்யலில் தண்ணீர் வரும். வாய்க்கால் வழியே பேரூர்ப் பக்கத்துக் குளங்கள் நிறையும். மலை மறைப்பதால் கோவை நகருக்குள் அப்போது வெறும் காற்றும் சாரலும்தான். நகருக்கு நல்ல மழை ஐப்பசி, கார்த்திகையில்! ஆகவே, ஆற்றுத் தண்ணீரை நம்பிய நெல்லுக்கு ஆனியில் நடவு. மானாவாரிக்கு ஆடியில் விதைப்பு.

விழா இருக்கிறது, வயல்கள்தான் குறைந்துவிட்டன. நெல் விளைந்த இடங்களில் இப்போது வீடுகள். பிராகாரத்தில் பேச்சுக் கொடுத்த பாட்டி ஒருவரிடம் இதைச் சொல்லி வருத்தப்பட்டேன். சிரித்தார். ''சாமியே சேத்துல எறங்குனாருங்க அம்மணி. நாம மொட்டை மாடித் தொட்டியில நாலு வெதை ஊனறதுக்கு என்னுங்க?'' என்றார். எனக்குச் சுருக்கென்றது. என் வீட்டு மாடியில் இருப்பது துணிக்கொடி மட்டும்தான்!

பாட்டி சொல்லித் தந்த கணக்கு இது. ஆடிப்பெருக்கை ஒட்டி அவரை, பீர்க்கு, புடலை, பூசணி விதை ஊன்ற வேண்டும். பீர்க்கும் புடலையும் சீக்கிரமே காய்த்துவிடும். அவரை மட்டும் கொடி ஓடிக்கொண்டே இருக்கும்; பூக்காது. 'விதை சரியில்லை' என்று பிடுங்கிவிடாதீர்கள்! பகல் பொழுது சுருங்கினால்தான் நாட்டு அவரை பூக்கும். மார்கழியில் பூத்து, தைப்பொங்கல் கூட்டுக்குக் காய் கொடுக்கும்.

தை பிறப்பதற்கு முதல் நாள் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ சேர்த்து வீட்டிலும் தோட்டத்திலும் 'காப்பு' கட்டுவது கொங்கு வழக்கம். மாட்டுப் பொங்கலுக்கு இங்கே 'பட்டிப் பொங்கல்' என்று பெயர். மாடு அடைக்கும் பட்டியில் சின்னதாகத் தெப்பக்குளம் கட்டி, நீர் நிரப்பி, கன்றை அதில் மிதிக்கவிட்டு ஓட்டுவார்கள். பேரூர் சுவாமியின் பெயரிலும் ஒரு கன்று இருக்கிறது! காமதேனுவின் கன்றான பட்டியின் குளம்பு பட்ட தழும்பைத் தாங்கியவர் என்பதால்தான் அவர் பட்டீஸ்வரர்.

நடவு நாட்களில் நேரமில்லாத கொங்குப் பெண்களுக்குக் கைகொடுப்பது அரிசியும் பருப்பும் சாதம். ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம்பருப்பு. இரண்டையும் கழுவி ஊற வையுங்கள். எண்ணெயில் கடுகு, சீரகம், வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, சின்ன வெங்காயம், நான்கு பல் பூண்டு, ஒரு தக்காளி வதக்கி, மஞ்சள்தூளும் உப்பும் சேர்த்து, மூன்றரை டம்ளர் தண்ணீர் விட்டு, அரிசியையும் பருப்பையும் போட்டுக் குழைய வேக வைக்க வேண்டும். மேலே ஒரு கரண்டி நெய். சுவாமிக்கு நைவேத்தியம் என்றால் வெங்காயம், பூண்டு வேண்டாம். கொஞ்சம் பெருங்காயம் போதும்.

கோவை காந்திபுரத்தில் இருந்து பேரூருக்கு நகரப் பேருந்துகள் உண்டு. ஆனி நடவுத் திருவிழாவின் தேதியைக் கோயிலில் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். திரும்பும்போது மறக்காமல் நாட்டு அவரை விதையும் வாங்கி வாருங்கள்... ஆடிக்கு அதிக நாள் இருக்காது!