எச்-இன்டெக்ஸ் 9 என்றால் குறைவா?

உயிர்மருத்துவத்தில் பட்டம் முடித்துவிட்டேன். எம்.பில். ஆய்வுக்கு மேற்பார்வையாளராக வர இசைந்திருக்கும் பேராசிரியரின் எச்-இன்டெக்ஸ் 9 தான். வேறு ஆளைத் தேடலாமா?
– வாசகி, தலவாக்கலை

அந்த 9ஐ மட்டும் பார்த்து ஆளை மாற்றாதீர்கள், தங்கச்சி. அவருடைய ஒன்பது கட்டுரைகளை, ஒவ்வொன்றையும் ஒன்பது தடவையாவது பிறர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்பதே அதன் பொருள். 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் வகுத்த கணக்கு இது. ஒரு கட்டுரை ஆயிரம் மேற்கோள் பெற்றாலும் இதில் அது ஒன்றுதான்.

கண்டியில் பிறந்து பேராதனையில் மருத்துவம் படித்த மலிக் பீரிஸைப் பாருங்கள். 2003இல் சார்ஸ் நோய்க்குக் கொரோனா வைரஸே காரணமாகலாம் என்று 'லான்செட்' இதழில் அவர் குழு எழுதிய கட்டுரையை உலகமே மேற்கோள் காட்டியது. அதற்கு முன் இலங்கையில் பரவிய ஜப்பானிய மூளைக்காய்ச்சலையும் அவர் ஆராய்ந்தார். அந்தக் கட்டுரைகளுக்கு அவ்வளவு மேற்கோள் இல்லை; அதனால் அந்த வேலை சிறியதாகிவிடுமா? உள்ளூர் நோயை ஆராய்பவர்களுக்கு எண் மெதுவாகத்தான் ஏறும்.

இன்னொன்று, பெயர். பீரிஸே சில கட்டுரைகளில் ஜே.எஸ்.எம். பீரிஸ், சிலவற்றில் மலிக் பீரிஸ். முதலெழுத்து மாறினால் கணக்கும் சிதறும். நம் பெயர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். ஆய்வாளர் ஒவ்வொருவரையும் தனித்து அடையாளம் காட்டும் ஓர்கிட் (ORCID) எண்ணை நீங்கள் இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள், இலவசம்தான்.

கூகுள் ஸ்கொலரில் உங்கள் பேராசிரியருடைய கடைசி ஐந்தாண்டுக் கட்டுரைகளைத் திறந்து பாருங்கள். முதலில் மாணவர் பெயரும் கடைசியில் அவர் பெயரும் இருந்தால், பிள்ளைகளை வளர்த்துவிடுகிற ஆசிரியர் அவர். தயங்காமல் சேருங்கள்.